16 பக்க இதழ்: படம் எடுப்பவரும் பக்கம் போடுபவரும் ஒரே மேசையில்

வடிவமைப்பு மாணவர்களையும் ஒளிப்பட மாணவர்களையும் சேர்த்து ஓர் இதழ் செய்யச் சொன்னால் வழக்கமாக என்ன நடக்கும் என்பது இரண்டு துறை ஆசிரியர்களுக்கும் தெரியும். படம் எடுத்தவர்கள் ஒரு பெரிய ஃபோல்டரை அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். பக்கம் போடுபவர்கள் அதைத் திறந்து, ஏற்கெனவே போட்டு வைத்த கட்டங்களுக்குள் படங்களைத் திணிப்பார்கள். அச்சாகி வந்ததும் ஒரு பக்கம் "என் படத்தை வெட்டிவிட்டார்கள்" என்ற குரல், இன்னொரு பக்கம் "தலைப்பு வைக்க இடமே இல்லாத படத்தைத் தந்தார்கள்" என்ற குரல். இரண்டுமே நியாயமான குறைதான்.

நான் வடிவமைப்புத் துறையில் பாடம் எடுக்கிறேன். இந்த முறை ஒளிப்படத் துறை நண்பரும் நானும் பேசி, வேலை நடக்கும் வரிசையையே மாற்றிப் பார்த்தோம். கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே பக்கத்தின் வெற்றுத்தாள் இரண்டு தரப்பின் முன்னாலும் இருக்க வேண்டும். படங்கள் வந்த பிறகு பக்கம் மாறவும் இடம் இருக்க வேண்டும். இந்த ஒன்றைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டோம். அது எங்கே கைகொடுத்தது, எங்கே இழுபறியானது என்பதை, இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு உதவும்படி எழுதி வைக்கிறேன்.

இதழின் உடல் எளிமையானது. ஏ4 அளவு, 16 பக்கம், சென்டர் பின் (நடு மடிப்பில் பின் அடித்த கட்டு), உள்ளும் புறமும் ஒரே மேப்லித்தோ காகிதம் (பூச்சு இல்லாதது). மூன்று கதைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். மீதமிருக்கும் நான்கில் அட்டை, உள்ளடக்கம், முன்னுரை, பின்னட்டை. முதல் கதை ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை. இரண்டாவது, ஒரு நடனக் குழுவின் ஒத்திகை. மூன்றாவது, மண்பாண்டம் வனையும் ஒருவரின் கைவேலை. ஒவ்வொரு கதைக்கும் இரண்டு ஒளிப்பட மாணவர்கள், இரண்டு வடிவமைப்பு மாணவர்கள்.

முதல் நாள் யாரையும் கணினி முன்னால் உட்கார விடவில்லை. கட்டுரையின் வரைவை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். சைக்கிள் பட்டறைக் கட்டுரை சுமார் 600 சொற்கள். அப்புறம் அதை 10 புள்ளி (பாயிண்ட்) எழுத்தில், 15 புள்ளி வரி இடைவெளியில், பக்கத்தைச் செங்குத்தாக இரண்டு பத்தியாகப் பிரித்து ஓட்டிப் பார்த்தோம். ஒரு முழுப் பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குள் வழிந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தபோதுதான் ஒளிப்பட மாணவர்களுக்கு விஷயம் பிடிபட்டது. நான்கு பக்கத்தில் ஒன்றேகால் பக்கம் எழுத்துக்குப் போய்விடும். தலைப்புக்கும் கொஞ்சம் வெற்றிடத்துக்கும் விட்டால், படத்துக்கு இருப்பது இரண்டரைப் பக்கத்துக்கும் குறைவு. அதாவது ஆறேழு படங்கள். நூற்றுக்கணக்கில் எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் எந்த ஆறேழுக்காக எடுக்கிறோம் என்ற நினைப்பு எடுக்கும்போதே இருந்தால் எடுக்கும் விதமே மாறிவிடும்.

ஒரு கதைக்கு என்னென்ன வகைப் படங்கள் வேண்டும் என்பதற்கு இதழியலில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. இடம் முழுவதும் தெரியும் ஓர் அகலப் படம், ஆளும் வேலையும் சேர்ந்து தெரியும் நடுத்தரப் படம், கை, கருவி, பொருள் என்று நெருங்கிப் போகும் படம், முகம், இரண்டு பேருக்கு இடையே ஏதோ நடக்கும் படம், வேலை படிப்படியாக நகர்வதைக் காட்டும் தொடர். 1936-இல் படங்களையே முதன்மையாக வைத்து வெளிவரத் தொடங்கிய அமெரிக்க 'லைஃப்' வார இதழின் படக்கதைகளோடு சேர்த்துப் பேசப்படும் பட்டியல் இது. இதைச் சுவரில் எழுதி ஒட்டினோம். இதைப் பார்த்துப் பார்த்து டிக் அடிக்கத் தொடங்கினால் படங்கள் உயிரற்றுப் போகும் என்று ஒளிப்பட நண்பர் எச்சரித்தார், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் திரும்பி வந்து பார்த்தால் எல்லாமே நடுத்தரத் தொலைவில் எடுத்த படங்களாக இருக்கும் அவலத்திலிருந்து இந்தப் பட்டியல் காப்பாற்றுகிறது.

அடுத்தது சின்னச் சின்ன கோட்டோவியங்கள். தம்ப்நெயில் என்று நாங்கள் சொல்வது. தீப்பெட்டி அளவில் இரட்டைப் பக்கத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். இதை ஒளிப்பட மாணவர்களும் வரைய வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. படத்தில் என்ன இருக்கிறது என்று வரையக் கூடாது. எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம், பார்வை எந்தத் திசையில் நகர்கிறது, சொற்கள் எங்கே நிற்கின்றன, இவ்வளவுதான். முதலில் தயங்கினார்கள். ஆனால் "எனக்கு வரையத் தெரியாது" என்று ஒதுங்கிய ஒரு மாணவி போட்ட கோட்டோவியம்தான் நடனக் கதையின் முதல் இரட்டைப் பக்கமாக நின்றது. இரண்டு பக்கத்தையும் இருட்டாக நிரப்பி, அடிப்பகுதியில் மட்டும் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு விட்டிருந்தார். அந்தக் கோட்டில் நடனமாடுகிறவர்களின் கால்கள்.

படப்பிடிப்புக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டோம். இதை ஒவ்வொரு வடிவமைப்பு மாணவரும் ஒருமுறை கையால் போட்டுப் பார்க்க வேண்டும். ஏ4 இரட்டைப் பக்கம் 420 x 297 மில்லிமீட்டர். வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாமலிருக்க நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதல் படம், அதாவது பிளீட், சேர்த்தால் 426 x 303. ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டுமென்றால், தோராயமாக 5032 x 3579 பிக்சல் தேவை. எங்கள் கேமராக்கள் 24 மெகாபிக்சல், அதாவது 6000 x 4000. போதும், மிச்சமும் இருக்கிறது. ஆனால் கேமராவின் சட்டகம் 3:2 விகிதம், இரட்டைப் பக்கமோ கிட்டத்தட்ட 1.41:1. எனவே முழுச் சட்டகத்தையும் இரட்டைப் பக்கத்தில் பரப்பும்போது பக்கவாட்டில் சுமார் 6 சதவீதம் வெட்டுப்படும். வேண்டுமென்றே யாரும் வெட்டவில்லை, காகிதத்தின் வடிவமே வெட்டுகிறது. சட்டகத்தின் ஓரத்தில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள் என்று வாயால் சொல்வதைவிட இந்த 6 சதவீதத்தைக் கோடு போட்டுக் காட்டுவது நன்றாக வேலை செய்தது.

இதே கணக்கின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அப்படி வெட்டிய பிறகு படத்தின் அடர்த்தி அங்குலத்துக்கு சுமார் 335 பிக்சல். அதே படத்தின் பாதி அகலத்தை மட்டும் எடுத்து இரட்டைப் பக்கம் முழுக்க இழுத்தால் 168-க்கு இறங்கிவிடும். அங்குலத்துக்கு 150 வரிசை அச்சுப் புள்ளிகள் விழும் 150 கோட்டுத் திரையில் அச்சிடும்போது அதன் இரு மடங்கு, அதாவது 300, என்பது வழக்கமான அளவுகோல். 168-இல் மென்மையான பின்னணி தப்பித்துக்கொள்ளும். கம்பி, முடி, துணியின் நெசவு போன்றவை மசங்கும். "அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இந்த எண் ஒரு வரம்பு போட்டது. அதேசமயம், படுக்கைவாக்கில் எடுத்த படத்திலிருந்து ஒற்றைப் பக்கத்துக்கு நெட்டுவாக்கில் ஒரு துண்டை எடுத்தாலும், உயரம் முழுவதையும் பயன்படுத்தினால் அதே 335 கிடைக்கும் என்று தெரிந்ததில் வடிவமைப்பு மாணவர்களுக்கு நல்ல சுதந்திரம் கிடைத்தது.

கோட்டோவியத்தை அப்படியே கேமரா முன்னால் கொண்டுபோக ஒரு வழி இருக்கிறது. பக்கம் போடும் மென்பொருளான இன்டிசைனில் தலைப்பு, பத்திகள், நடு மடிப்பு, பிளீட் கோடு இவற்றை மட்டும் போட்டு, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும். கேமராவை லேப்டாப்போடு கம்பியால் இணைத்து எடுக்கும்போது, லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் லூப் ஓவர்லே என்ற பகுதியில் லேஅவுட் இமேஜாக அந்தக் கோப்பைக் கொடுத்தால், எடுக்கும் ஒவ்வொரு படத்தின் மேலும் அந்தப் பக்க அமைப்பு கண்ணாடி போல வந்து உட்காரும். கேப்சர் ஒன் மென்பொருளிலும் ஓவர்லே என்று இதே வசதி உண்டு. மண்பாண்டக் கதைக்கு இது பெரிய உதவி. பானைகளை மேசையில் வைத்து, வெளிச்சத்தை நிலைநிறுத்தி எடுத்த படங்கள் அவை. பானையை இரண்டு விரற்கடை நகர்த்தினால் தலைப்புக்கு இடம் கிடைத்துவிடும். அந்தக் குழு மற்ற இரண்டைவிட முன்னாலேயே வேலையை முடித்துவிட்டது. அந்தக் கதையைப் பற்றிச் சொல்ல வேறு அதிகம் இல்லை.

நடன ஒத்திகையில் ஓவர்லே பயன்படவில்லை. ஓடி ஆடுகிறவர்கள் நடுவே கம்பியோடு நிற்க முடியாது. அங்கே வேறொன்று செய்தார்கள். வடிவமைப்பு மாணவர் ஒருவர் ஒத்திகைக் கூடத்துக்கே போய், கேமரா இல்லாமல் ஓரமாக உட்கார்ந்து, எந்த இடத்தில் இருட்டு சேர்கிறது, ஆட்கள் இடமிருந்து வலமாகப் போகிறார்களா வலமிருந்து இடமாகவா என்று குறித்துக்கொண்டு வந்தார். இடைவேளையில் இருவரும் கேமராத் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். வலப்பக்கத்தின் வலது ஓரத்தை நோக்கி ஓடுகிறவர் வாசகரை அடுத்த பக்கத்துக்கு இழுத்துப் போவார். இடப்பக்க ஓரத்தை நோக்கி ஓடினால் பார்வை இதழை விட்டே வெளியேறும். இதை வகுப்பில் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். நேரில் ஆடுகிறவர்களைப் பார்த்தபடி ஒரு படம் எடுப்பவரும் ஒரு பக்கம் போடுபவரும் இதைப் பேசிக்கொண்டதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

படங்களைத் தேர்ந்தெடுப்பது திரையில் நடக்கக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். குறும்பட்டியலில் இருந்த படங்களையெல்லாம் சாதாரண லேசர் பிரிண்டரில், ஒரே படத்தை மூன்று அளவுகளில் அச்சிட்டு, கத்தரித்து, மேசையிலும் தரையிலும் பரப்பினோம். ஹார்ப்பர்ஸ் பஜார் இதழில் 1934 முதல் 1958 வரை கலை இயக்குநராக இருந்த அலெக்ஸி பிரோடோவிச் இப்படித்தான் படங்களைப் பல அளவுகளில் நகலெடுத்துப் பரப்பி வைத்துப் பக்கங்களை யோசித்தார். அவர் நடத்திய டிசைன் லேபரட்டரி வகுப்புகளில் ஒளிப்படக் கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். ரிச்சர்ட் அவெடனும் இர்விங் பென்னும் அவரிடம் படித்தவர்கள். மாணவர்களிடம் இதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சேர்ந்து வேலை செய்வது பாடத்திட்டத்துக்காக யாரோ கண்டுபிடித்த புதுமை என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. இதழ் வடிவமைப்பு வளர்ந்ததே இப்படித்தான்.

தரையில் பரப்பியதும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. திரையில் எல்லாப் படமும் ஒரே அளவில் தெரிவதால் எல்லாமே ஒரே கனம் கொண்டவையாகத் தோன்றும். காகிதத்தில் சிறிதாக அச்சிட்டும் நிற்கிற படம் எது, பெரிதாக இருந்தால் மட்டும் பேசுகிற படம் எது என்பது சட்டென்று பிரிந்துவிடுகிறது.

இனி சைக்கிள் பட்டறைக் கதையில் எங்களை இழுபறியில் விட்ட ஒரு சக்கரப் படத்துக்கு வருகிறேன்.

சைக்கிள் பட்டறையில் ரிம்மில் கோட்டம் எடுக்கும் வேலையைப் படமாக்கியிருந்தார்கள். சக்கரத்தைச் சட்டத்தில் மாட்டிச் சுற்றவிட்டு, ரிம் எந்த இடத்தில் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது என்று கண்ணால் பார்த்து, அந்த இடத்து ஸ்போக்ஸ் கம்பியின் முனையில் இருக்கும் திருகான நிப்பிளைச் சாவியால் கால் சுற்று, அரைச் சுற்று என்று இறுக்குவதும் தளர்த்துவதும். ஒளிப்பட மாணவி சக்கரத்துக்கு நேர் எதிரே நின்று, ஹப் (கம்பிகள் வந்து சேரும் சக்கரத்தின் நடுப்பகுதி) சரியாகச் சட்டகத்தின் நடுவில் இருக்கும்படி, 36 கம்பிகளும் சீராக விரிய ஒரு படம் எடுத்திருந்தார். கம்பிகளுக்குப் பின்னால் பழுதுபார்ப்பவரின் ஒரு கண். பார்த்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்த படம். அதை 4, 5-ஆம் பக்கங்களில் முழு இரட்டைப் பக்கமாகப் போட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

திரையில் போட்டார்கள், அழகாகவே இருந்தது. அச்சிட்டு, மடித்து, பின் அடித்த டம்மியை, அதாவது மாதிரி இதழை, திறந்தபோது ஹப் மடிப்புக்குள் போய்விட்டிருந்தது. வட்டமான சக்கரம் நடுவில் கிள்ளி எடுத்த மாதிரி ஆகிவிட்டது. அதைவிட மோசம், இடப்பக்கக் கம்பிகளும் வலப்பக்கக் கம்பிகளும் மடிப்பில் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது அந்த விலகல். ஆனால் நேர்க்கோடு உடைந்தால் கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

ஏன் சேரவில்லை என்பதைத் தாளைப் பிரித்துக் காட்டினேன். 16 பக்க சென்டர் பின் இதழ் என்பது நான்கு தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைப்பது. ஒரே தாளின் ஒரே முகத்தில் அச்சாகும் இரண்டு பக்கங்களின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும். 16-உம் 1-உம், 2-உம் 15-உம், 14-உம் 3-உம், 4-உம் 13-உம், இப்படிப் போகும். அப்படியானால் 4-ஆம் பக்கம் 13-ஓடு இரண்டாவது தாளில் இருக்கிறது. 5-ஆம் பக்கம் 12-ஓடு மூன்றாவது தாளில். வாசகர் கண்ணுக்கு அடுத்தடுத்து இருக்கும் இந்த இரண்டும் அச்சில் வெவ்வேறு தாள்கள். மடிப்பில் வரும் சிறு பிசகு, அடுக்குவதில் வரும் சிறு பிசகு, இரண்டு தாள்களுக்கும் இடையிலான மையின் கனத்தில் வரும் சிறு வேறுபாடு, எல்லாம் அந்த மடிப்பில்தான் வெளிப்படும். இந்த இதழில் இரண்டு பக்கமும் ஒரே தாளின் ஒரே முகமாக வரும் இடம் ஒன்றே ஒன்றுதான், 8-உம் 9-உம் சேரும் நடுப்பக்கம்.

சரி, சக்கரத்தை நடுப்பக்கத்துக்குக் கொண்டுபோகலாம் என்றால், அங்கே நடனக் குழு இருந்தது. அவர்களுடைய கால்களின் வெளிச்சக் கோடும் மடிப்பைத் தாண்டித்தான் போகிறது. இரண்டு குழுவும் உட்கார்ந்து பேசினார்கள். கதைகளின் வரிசையை மாற்றுவதா என்று யோசித்தார்கள். நடனக் குழு விட்டுக்கொடுக்கத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் நடுப்பக்கத்துக்குப் போனாலும் ஹப் மடிப்பில்தான் விழும், தாள் ஒன்றாக இருந்தாலும் மடிப்பு மடிப்புதான் என்று சைக்கிள் குழுவின் வடிவமைப்பு மாணவர் சொன்னார். படத்தை வலப்பக்கமாகத் தள்ளி, ஹப்பை 5-ஆம் பக்கத்தின் நடுவே கொண்டுவரலாம் என்பது அவர் யோசனை. ஒளிப்பட மாணவி அதற்கு ஒப்பவில்லை. "ஹப் நடுவில் இல்லையென்றால் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? கம்பிகள் நாலாபுறமும் சமமாக விரிவதுதானே படமே" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. தள்ளினால் இடது பக்கம் நிரப்பப் படமும் போதாது. பெரிதாக்கினால் அடர்த்தி குறையும்.

இந்த இடத்தில்தான் படப்பிடிப்புக்கு முன்பே கோட்டோவியம் போட்டதன் பலன் தெரிந்தது. அந்த மாணவி அன்று பட்டறையில் இன்னொரு தொடரும் எடுத்திருந்தார். கோட்டோவியத்தில் இடப்பக்கம் இருட்டாக, தலைப்புக்காக விடப்பட்டிருந்ததை நினைவில் வைத்து, சக்கரம் வலப்பக்கம் மட்டும் இருக்க, இடப்பக்கம் முழுக்கப் பட்டறையின் மங்கிய சுவர் தெரியும்படி எடுத்த படங்கள். தனக்கு அவை இரண்டாம்பட்சம் என்று குறும்பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. அவற்றில் ஒன்றில் பழுதுபார்ப்பவரின் ஆள்காட்டி விரல் ரிம்மை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது. நகத்தின் ஓரத்தில் படிந்த கிரீஸ், ரிம்மில் விரல் பட்ட இடத்தில் மட்டும் துடைத்தது போன்ற ஒரு பளபளப்பு. அந்தப் படம் 4, 5-க்குப் போனது. மடிப்பில் விழுந்தது சுவர் மட்டும். சுவரில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் யாருக்குத் தெரியப் போகிறது? தலைப்பு அந்தச் சுவரின் மேல் வெள்ளை எழுத்தில் உட்கார்ந்தது.

நேர் எதிரே எடுத்த படம் 7-ஆம் பக்கத்தில் ஒற்றைப் பக்கமாக, பிளீட் வரை, வெட்டுப்படாத முழு வட்டமாக வந்தது. எழுத்து எதுவும் மேலே ஏறாமல். பக்கத்தைப் புரட்டியதும் கண் முதலில் விழுவது வலப்பக்கத்தில் என்பதால் இருந்த இடத்தைவிட அங்கே அதற்கு மதிப்பு கூடிவிட்டது என்று நான் நினைக்கிறேன். வட்டம், நேர்க்கோடு, முகம், கண் இவற்றை மடிப்பில் விடாதீர்கள். சுவர், வானம், மண், துணி போன்றவை மடிப்பைத் தாங்கும். இதை நான் விதியாகச் சொல்லியிருந்தால் குறித்துக்கொண்டிருப்பார்கள். பின் அடித்த டம்மியைத் தாங்களே திறந்து பார்த்ததால் இனி மறக்க மாட்டார்கள்.

எழுத்து வேலை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் இதழ் போடுகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் அது. கட்டுரைகளில் ஒன்று பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றி முடித்ததும் ஒருமுறை முழுதாக வாசித்தே ஆக வேண்டும். ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கும். இன்டிசைனில் தமிழைக் கொட்டியதும் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி பேராகிராஃப் கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பாராகிராஃப் ஸ்டைலிலேயே அதைப் போட்டு வைப்பது நல்லது. இல்லாவிட்டால் புதிதாக ஒரு பெட்டி திறக்கும்போதெல்லாம் பழைய சிக்கல் திரும்ப வரும்.

ஆங்கில இதழ்களின் மாதிரியைப் பார்த்து மாணவர்கள் 10-க்கு 12 என்று வரி இடைவெளி வைப்பார்கள். தமிழில் மேலே புள்ளியும் மேல்விலங்கும் அதன் சுழியும், கீழே உகர ஊகாரக் கால்களும் இருப்பதால் அது நெருக்கும். 10-க்கு 15 வைத்ததும் பத்தி மூச்சு விட்டது. நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவைக் கட்டுரையின் உடல் எழுத்துக்கும், முக்தா மலர் என்ற எழுத்துருவைப் படக்குறிப்புக்கும் எடுத்துக்கொண்டோம். அடுத்த சண்டை, இருபுறமும் சமன் செய்வதா இடப்புறம் மட்டும் ஒட்டுவதா என்று. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் சமன் செய்தால் ஒரு வரியில் மூன்று சொல் மட்டும் வந்து, இடையில் பெரிய ஓட்டைகள் விழும். 12 கட்டங்கள் கொண்ட கிரிட்டில், பக்கத்துக்கு இரண்டு பத்தி என்று அகலமாக வைத்து, இடப்புறம் ஒட்டினோம். சொல்லை வரி இறுதியில் உடைக்க வேண்டி வந்த இடங்களில் மெய்யெழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வராதபடி கையால் திருத்தினார்கள். பொறுமை வேண்டிய வேலை. புள்ளி வைத்த எழுத்தோடு ஒரு வரி தொடங்குவதைப் பார்க்கச் சகிக்காத கண் ஒன்று ஒவ்வொரு குழுவிலும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

படக்குறிப்புகளை எழுதும் பொறுப்பை ஒளிப்பட மாணவர்களுக்குக் கொடுத்தோம். "சக்கரத்தைப் பழுதுபார்க்கிறார்" என்று முதலில் எழுதினார்கள். அது படத்திலேயே தெரிகிறதே. எந்தக் கம்பியை எதற்காக இறுக்குகிறார், சக்கரம் எந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தது என்று நேரில் நின்றவருக்கு மட்டும் தெரிந்ததை எழுதச் சொன்னதும் குறிப்புகள் வாசிக்கத் தகுந்தவை ஆயின.

நடனப் படங்களுக்கு வேறொரு சிக்கல். குறைந்த வெளிச்சத்தில், கேமராவின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 6400 வரை கூட்டி வைத்து எடுத்தவை. புள்ளிப் புள்ளியாகத் தெரியுமே என்று பயந்தார்கள். அச்சில் அது பெரிதாகத் தெரியவே இல்லை. உண்மையான ஆபத்து இருட்டில் இருந்தது. மேப்லித்தோ மாதிரிப் பூச்சு இல்லாத காகிதம் மையை உறிஞ்சும், அச்சுப் புள்ளிகள் பருக்கும், இருண்ட பகுதிகள் அடைத்துக்கொண்டு ஒரே கறுப்பாகிவிடும். திரையில் தெரிந்த கறுப்பு உடையின் மடிப்புகள் சோதனை அச்சில் காணாமல் போயின. ஃபோட்டோஷாப்பில் ப்ரூஃப் செட்டப் வழியாக, பூச்சில்லாத காகிதத்துக்கான ஃபோக்ரா 47 என்ற அச்சுத் தர அளவின் அடிப்படையிலான வண்ணப் புரொஃபைலைக் கொடுத்துத் திரையிலேயே பார்த்தால் இந்த அடைப்பு முன்கூட்டியே தெரியும். ஒளிப்பட மாணவர்கள் அந்தத் தோற்றத்தைப் பார்த்தபடியே நிழல்களை மட்டும் திறந்தார்கள். நான்கு மைகளும் சேர்ந்து 300 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். தாண்டினால் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். உடல் எழுத்துகள் கறுப்பு மை ஒன்றால் மட்டும் அச்சாக வேண்டும் என்பதையும் அப்போதே சரிபார்த்தோம். வேர்டிலிருந்து ஒட்டிய எழுத்துகள் சில நான்கு வண்ணக் கறுப்பாக வந்து உட்கார்ந்திருந்தன. 10 புள்ளித் தமிழ் எழுத்தில் நான்கு மைகள் கொஞ்சம் விலகினாலும் புள்ளியும் சுழியும் மசமசவென்று ஆகிவிடும்.

நிழலைத் திறப்பதா வேண்டாமா என்பதில் இரு தரப்புக்கும் வாக்குவாதம் வந்தது. படத்தின் மனநிலை கெட்டுவிடும் என்றார் ஒருவர். அச்சில் எதுவுமே தெரியாவிட்டால் மனநிலை எங்கிருந்து வரும் என்றார் மற்றவர். ஒரே படத்தை இரண்டு விதமாக, இதழின் அதே காகிதத்தில் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் பேச்சு முடிந்தது. திறந்த படத்தில்தான் இருட்டு ஆழமாகத் தெரிந்தது. மடிப்புகள் தெரிந்தால்தான் இருட்டு உடையாகிறது. தெரியாவிட்டால் வெறும் மை.

கோப்புகளை அனுப்புவதற்கு முன் டம்மியை மறுபடி அச்சிட்டோம், இந்த முறை உண்மையான அளவில், இரு முகமும் அச்சிட்டு, மடித்து, நடுவில் பின் அடித்து, மூன்று ஓரமும் வெட்டி. சென்டர் பின் இதழில் உள்தாள்கள் கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். வெட்டும்போது நடுப்பக்கங்களின் வெளி ஓரம் அதிகமாக வெட்டுப்படும். நான்கு தாளில் அது மிகச் சிறிய அளவுதான். ஆனால் பக்க எண்ணை ஓரத்துக்கு மிக அருகில் வைத்திருந்ததால் 8, 9-இல் அது கண்ணுக்குத் தெரிந்தது. எல்லாப் பக்க எண்களையும் உள்ளே தள்ளினோம். அச்சுக்கு முன் கோப்பில் குறை தேடும் இன்டிசைனின் ப்ரீஃப்ளைட்டில், படத்தின் அடர்த்தி அங்குலத்துக்கு 250 பிக்சலுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கும்படி வைத்திருந்தோம். மண்பாண்டக் கதையில் யாரோ வாட்ஸ்அப்பில் வந்த படத்தைத் தற்காலிகமாக வைத்துவிட்டு மாற்ற மறந்திருந்ததை அது பிடித்தது.

கடைசியாகப் பெயர்கள். ஒவ்வொரு கதையின் முதல் இரட்டைப் பக்கத்திலும் படம் எடுத்தவர்கள் பெயரும் பக்கம் அமைத்தவர்கள் பெயரும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில். பட்டறைக்காரர், நடனக் குழு, பாண்டம் வனைபவர் மூவரிடமும் படம் எடுக்கும் முன்பே எழுத்தில் சம்மதம் வாங்கியிருந்தோம். படங்களின் உரிமை எடுத்தவர்களிடமே இருக்கிறது. வடிவமைப்பு மாணவர்கள் பக்கங்களைத் தங்கள் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம், ஆனால் படத்தைத் தனியே எடுத்துக் காட்டுவதென்றால் எடுத்தவரைக் கேட்க வேண்டும். ஒளிப்பட மாணவர்களும் பக்கமாகக் காட்டும்போது பக்கம் போட்டவர் பெயரைச் சேர்க்க வேண்டும். இதை ஒரு பக்கத் தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த முறை இந்தத் தாளை முதல் நாளே, கட்டுரை வாசிப்பதற்கு முன்பே, மேசையில் வைத்துவிடப் போகிறோம்.